நுண்ணுயிர் மின்கலம்: ஆலைக் கழிவுநீரும் தமிழ்க் கலைச்சொற்களும்

1. சிக்கல்

மேற்கு வங்காளத்தில் கரக்பூரிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், புழுங்கல் அரிசி ஆலையின் கழிவுநீரை மண்பானையில் நிரப்பி, அந்நீரைத் தூய்மை செய்வதோடு அதனின்று மின்னோட்டமும் பெறும் ஆய்வு ஒன்று நிகழ்த்தப்பெற்றது. எம்.எம். கங்ரேகரும் உடனாய்வாளர்களும் செய்த இவ்வாய்வின் முடிவுகள் 2010ஆம் ஆண்டில் வெளியாயின. நெல் ஊறிய நீர், மண்பானை, நீரில் வாழும் பாக்டீரியா, இரண்டு மின்முனைகள், அவற்றை இணைக்கும் கம்பி ஆகியவையே இக்கருவியின் இன்றியமையாத உறுப்புகள். இதனைத் தமிழில் விளக்குவது எளிது என்றே எவருக்கும் தோன்றும்.

விளக்கத் தொடங்கியவுடன் ஓர் இடர் எதிர்ப்படுகிறது. பானையினுள் அமையும் மின்முனையை ஆங்கிலத்தில் ஆனோடு என்பர். ஆனோடு என்பதற்குத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல் நேர்மின்வாய். ஆனால் இக்கருவியில் அம்முனை எதிர்மின் குறியுடையது. மின்னழுத்த அளவியின் நேர்முனையை அதனோடும் எதிர்முனையை மற்றதனோடும் இணைத்தால் அளவி குறை எண்ணையே காட்டும். ஆகவே, 'இக்கருவியின் நேர்மின்வாய் எதிர்மின் தன்மை உடையது' என்று எழுத வேண்டியதாகிறது. படிப்பவர் இதனை அச்சுப்பிழை எனக் கொள்வார். அல்லது பள்ளியில் தாம் கற்றது தவறு என்று மயங்குவார். இரண்டில் எது நேர்ந்தாலும் விளக்கம் அங்கேயே நின்றுவிடுகிறது.

நுண்ணுயிர் மின்கலத்தின் இயக்கத்தையும், அதனை எடுத்துரைக்கையில் நடைமுறையிலுள்ள கலைச்சொற்கள் எவ்விடங்களில் துணைசெய்கின்றன, எவ்விடங்களில் தடுக்கின்றன என்பதையும் இக்கட்டுரை ஒருங்கே ஆராய்கிறது. மேற்கூறிய சிக்கல் தீரும்வரை ஆனோடு, கேத்தோடு என்னும் ஒலிபெயர்ப்புகளே இங்கு ஆளப்பெறுகின்றன.

2. பானையினுள் நிகழ்வது

புழுங்கல் அரிசிக்கு நெல்லை நீரில் ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்தி, பின் அரைப்பர். ஊறல் முடிந்து வடிக்கப்படும் நீரில் மாவுப்பொருளும் சர்க்கரையும், உமியிலிருந்து இறங்கிய லிக்னின், ஃபீனால் வகைகளும் கலந்திருக்கும். விரைவில் நொதித்துப் புளிப்பேறும். அரிசி ஆலையின் அருகில் வாழ்வோர்க்கு இந்நீரின் நாற்றம் புதிதன்று. இதனை அப்படியே குளத்தில் விட்டால், அங்குள்ள நுண்ணுயிர்கள் இக்கரைபொருள்களை உண்டு பெருகி, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், மீன்கள் மாயும். இக்கேட்டினை அளப்பதற்குரிய எண்ணே வேதி ஆக்சிஜன் தேவை எனப்படுவது. ஒரு லிட்டர் நீரிலுள்ள கரிமப்பொருளை முற்றிலும் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதை அது காட்டும்.

வழக்கமான தூய்மை முறையில் கழிவுநீருக்குள் காற்று செலுத்தப்படுகிறது. குளத்தில் நிகழக்கூடிய சிதைவையே தொட்டிக்குள் விரைவாக நிகழ்த்தி முடிப்பது இம்முறை. இதில் இரண்டு செலவுகள் உண்டு. இத்தகைய நிலையத்தின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி காற்றூட்டத்திற்கே போய்விடும். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைப்பதால் பாக்டீரியா மிகுதியாகப் பெருகி, சிதைக்கப்படும் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 0.4 கிலோ அளவுக்கு உலர்ந்த எடையில் கசடு சேரும். அதனை அகற்றுவது தனிச்செலவு.

நுண்ணுயிர் மின்கலம் காற்றினை நீருக்குள் கொண்டுசெல்வதில்லை. நீரிலுள்ள எலக்ட்ரான்களைக் கம்பி வழியே காற்றிடம் கொண்டுசெல்கிறது. இவ்வொரு வாக்கியத்தில் அதன் கருத்து முழுவதும் அடங்கும்.

எவ்வாறு எனின், உயிரினம் உணவைச் சிதைக்கும்போது எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. அவற்றை ஏற்றுக்கொள்ள இறுதியில் ஒரு பொருள் வேண்டும். மனிதருக்கும் காற்றில் வாழும் பாக்டீரியாவுக்கும் அப்பொருள் ஆக்சிஜன். சுவாசத்தின் வேதிப்பொருள் இதுவே. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் சில பாக்டீரியா வகைகள் இரும்புத் துருவிடம் எலக்ட்ரான்களை ஒப்படைக்கப் பழகியவை. துரு நீரில் எளிதில் கரையாது; செல்லுக்குள் நுழையாது. எனவே அவ்வகைகள் எலக்ட்ரான்களைச் செல்லின் வெளிப்புறத்திற்கே கொண்டுவந்து கொடுக்கக் கற்றிருக்கின்றன. அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுப் படுகையில் டெரெக் லவ்லி 1987இல் கண்டறிந்த ஜியோபாக்டர் இத்தகையது. நியூயார்க் மாநிலத்து ஒனைடா ஏரியிலிருந்து பெறப்பட்டு 1988இல் விவரிக்கப்பட்ட ஷெவனெல்லா மற்றொன்று. துரு இருந்த இடத்தில் கரிமத்தாலான மின்முனை ஒன்றை வைத்தால், இவை எலக்ட்ரான்களை அதனிடம் ஒப்படைக்கின்றன. சில வகைகள் மின்முனையை நேரே தொட்டு இதனைச் செய்யும். சில, செல்லிலிருந்து நீளும் நுண்ணிழைகளின் வழியே செய்யும். சில, கரையக்கூடிய பொருளொன்றைச் சுரந்து அதனைத் தூதாக அனுப்பும்.

மின்முனையிலிருந்து எலக்ட்ரான்கள் கம்பி வழியே மற்ற முனையாகிய கேத்தோடை அடைகின்றன. அது காற்றோடு தொடர்புடையது. அங்கே ஆக்சிஜன், எலக்ட்ரான்களையும் நீரிலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனிகளையும் ஏற்று நீராகிறது. கம்பியின் நடுவே ஒரு விளக்கை இணைத்தால் எலக்ட்ரான்கள் போகும் வழியில் வேலை செய்துவிட்டுப் போகின்றன. நுண்ணுயிரிலிருந்து மின்னோட்டம் பெறலாம் என்பதை டரம் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் எம்.சி. பாட்டர் 1911இலேயே ஈஸ்டைக் கொண்டு காட்டினார். எனினும் வீட்டுக் கழிவுநீரையே உணவாக இட்டு, தூய்மையும் மின்னோட்டமும் ஒருசேரக் கிடைக்கும் என்பதைப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லோகன் குழுவினர் காட்டியது 2004இல்தான்.

இரு முனைகளையும் பிரிக்கும் சுவர் ஒன்று வேண்டும். ஆக்சிஜன் ஆனோடின் பக்கம் கசிந்துவிட்டால் பாக்டீரியா மின்முனையை விட்டு ஆக்சிஜனையே நாடும். அதேவேளையில் அயனிகள் சுவரைக் கடந்தாக வேண்டும். இன்றேல் மின்சுற்று முற்றுப்பெறாது. ஆய்வுக்கூடங்களில் இதற்கு நாஃபியான் என்னும் விலையுயர்ந்த சவ்வு பயன்பட்டது. கரக்பூர் ஆய்வாளர்கள் சுட்ட மண்ணின் நுண்துளைகளையே இதற்குப் பயன்படுத்தினர். பானையின் உட்புறம் கழிவுநீரும் ஆனோடும், வெளிப்புறம் கேத்தோடும் அமைய, பானையின் சுவரே பிரிசுவராயிற்று.

3. ஆக்சிஜன் இல்லாத ஆக்சிஜனேற்றம்

மேற்கண்ட விளக்கத்தில் ஒரு சொல் வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டுள்ளது. ஆனோடில் நிகழ்வதை வேதியியலார் ஆக்சிஜனேற்றம் என்பர். 'ஆனோடு உள்ள அறையில் ஆக்சிஜன் சிறிதும் இருத்தலாகாது, அங்கே ஆக்சிஜனேற்றம் நிகழ்கிறது' என்னும் தொடர் வேதியியல் கற்றவர்க்கு இயல்பானது, பிறர்க்கு முரணானது.

இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. பொருள் ஆக்சிஜனோடு சேர்வதைக் குறிக்கப் பிறந்த ஐரோப்பியச் சொல், பின்னர் எலக்ட்ரான் இழப்பு அனைத்தையும் குறிக்குமாறு விரிந்தது. எனினும் இருமொழிகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலச் சொல்லின் ஈற்றிலுள்ள விகுதிக்குத் தனிப்பொருள் இல்லை. தமிழில் 'ஏற்றம்' உயிருள்ள சொல். வண்டியில் மூட்டை ஏற்றுவது, விளக்கேற்றுவது, விலையேற்றம் எனப் பேச்சில் நாளும் இயங்குவது. ஆகவே தமிழ்ச்சொல் ஆக்சிஜன் ஏற்றப்படும் காட்சியைக் கேட்போர் மனத்தில் எழுப்பியே தீரும். இலங்கை வழக்கிலுள்ள ஒட்சியேற்றம் என்பதற்கும் இது பொருந்தும்.

தமிழ்க் கலைச்சொல்லாக்கம் பற்றிய எழுத்துகளில் பொருள் வெளிப்படை ஒரு சிறந்த பண்பாகப் போற்றப்படுகிறது. சொல்லைக் கேட்ட அளவிலேயே பொருள் விளங்கவேண்டும் என்பர். இது பெரும்பாலும் சரியே. ஆனால் வெளிப்படையான சொல்லுக்கு ஒரு கடப்பாடும் உண்டு. கருத்து விரியும்போதும் இடம் மாறும்போதும் ஒலிபெயர்ப்புச் சொல் ஓசையின்றி உடன் செல்லும். வெளிப்படைச் சொல்லோ தன் பழைய பொருளைச் சொல்லிக்கொண்டே வரும். ஆக்சிஜனேற்றம் என்பது நிலைபெற்றுவிட்ட சொல், அதனை மாற்றவேண்டுவதில்லை. நுண்ணுயிர் மின்கலம் பற்றி எழுதுகையில் எலக்ட்ரான் இழப்பு, எலக்ட்ரான் ஏற்பு என்று விரித்துக் கூறிவிட்டால் போதும். பாடநூல்களின் வரையறையிலேயே இத்தொடர்கள் உள்ளன.

4. நேர்மின்வாய் எப்போது நேர்?

ஆனோடு, கேத்தோடு என்னும் சொற்கள் 1834இல் மைக்கேல் ஃபாரடேயால் வழக்கிற்கு வந்தவை. தமக்கு வேண்டிய சொற்களுக்காக அவர் கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் ஹியூவெல்லைக் கலந்தார். மின்னோட்டம் என்பது யாது, அது எத்திசையில் செல்கிறது என்பன அன்று தெளிவாகாத செய்திகள். நேர், எதிர் என்று பெயரிட்டால், பின்னாளில் கொள்கை மாறும்போது பெயர் பொய்த்துவிடும் என்று ஃபாரடே அஞ்சினார். ஆகவே ஞாயிறு எழும் திசையையும் விழும் திசையையும் உவமையாகக் கொண்டு, மேல்நோக்கிய வழி, கீழ்நோக்கிய வழி என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொற்கள் தெரிவு செய்யப்பட்டன. மின்குறியைச் சொல்லாதிருப்பதற்கென்றே ஆக்கப்பட்ட சொற்கள் அவை.

தமிழாக்கத்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. மின்னாற்பகுப்பில், அதாவது வெளியிலிருந்து மின்சாரம் செலுத்திக் கரைசலைப் பிரிக்கும் முறையில், ஆனோடு மின்வழங்கியின் நேர்முனையோடு இணைந்திருக்கும். பள்ளியில் முதலில் கற்பிக்கப்படுவது மின்னாற்பகுப்பே. அங்குக் கண்ட மின்குறியைக் கொண்டு நேர்மின்வாய் என்று பெயர் அமைந்தது. மின்சாரத்தைத் தானே தோற்றுவிக்கும் கலங்களில் ஆனோடின் குறி எதிர். அங்கே பெயர் பொய்க்கிறது. ஃபாரடே எதற்கு அஞ்சினாரோ அதுவே மொழிபெயர்ப்பின் வழியாக வந்துசேர்ந்தது எனலாம். இந்தியில் ஆனோடுக்கு ஆக்கப்பட்ட தனாக்ர என்பதும் கேத்தோடுக்குரிய ரிணாக்ர என்பதும் இதே வகையின; இந்திப் பாடநூல்களில் ஒலிபெயர்ப்புச் சொற்களும் வழங்குவதால் அங்கு இடர் குறைவு. இலங்கைத் தமிழில் அனோட்டு, கதோட்டு என்றே வழங்குவர். கடன்சொல்லைத் தமிழ் ஒலிமரபுக்கு ஏற்ப இசைத்துக்கொண்ட அவ்வழக்கு, ஃபாரடேயின் எச்சரிக்கையையும் தன்னையறியாமலே காத்துக்கொண்டது.

பழைய மின்கலங்களைப் பொறுத்தவரை இக்குழப்பத்தை ஆசிரியர்கள் ஓர் அடிக்குறிப்பால் கடந்துவிடுவர். நுண்ணுயிர் மின்கலத்தில் அவ்வாறு கடக்க இயலாது. அதற்குரிய காரணங்கள் இரண்டும் கருவியின் இயல்பிலேயே உள்ளன.

முதலாவது, இக்கருவிக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அதே பாக்டீரியா, அதே ஆனோடு. ஆனால் கேத்தோடில் ஆக்சிஜனை விலக்கிவிட்டு, வெளியிலிருந்து சிறிதளவு மின்னழுத்தம் தரப்படுகிறது. அப்போது கேத்தோடில் நீருக்கு மாறாக ஹைட்ரஜன் தோன்றும். இது நுண்ணுயிர் மின்பகுப்புக் கலம். கலிஃபோர்னியாவின் ஓக்வில்லில் உள்ள நாப்பா ஒயின் நிறுவனத்தின் கழிவுநீரைக் கொண்டு 1000 லிட்டர் கொள்ளளவில் இது சோதிக்கப்பட்டது. முடிவுகள் 2011இல் வெளியாயின. கிடைத்த வளிமத்தில் 86 விழுக்காடு மீத்தேன். ஹைட்ரஜனை எதிர்பார்த்த இடத்தில் வேறு நுண்ணுயிர்கள் அதனை உண்டு மீத்தேனாக்கிவிட்டன என்பது தனிக்கதை. இங்குக் கருதத்தக்கது, இக்கலத்தில் ஆனோடு மின்வழங்கியின் நேர்முனையோடு இணைகிறது என்பதே. ஆய்வுக்கூடத்தில் ஒரே கலத்தை இன்று ஒரு வகையாகவும் நாளை மற்றொரு வகையாகவும் இயக்கலாம். பாக்டீரியாவுக்கு எந்த மாற்றமும் இல்லை. மின்முனைக்கும் வேலை அதுவே. மின்குறி மட்டும் மாறிவிடும்.

இரண்டாவது காரணம் இன்னும் வியப்பானது. ஒரு கலம் தரும் மின்னழுத்தம் அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும். ஆகவே பல கலங்களைத் தொடராக இணைக்க முற்படுவர். தொடரிணைப்பில் எல்லாக் கலங்களின் வழியாகவும் ஒரே அளவு மின்னோட்டம் சென்றாக வேண்டும். உலோகத்தாலான மின்கலங்களைப் போல நுண்ணுயிர்க் கூட்டங்கள் ஒருசீராக இரா. ஒரு கலத்தில் உணவு குறைந்தாலும், பாக்டீரியா நலிந்தாலும், மற்றக் கலங்கள் அதன் வழியே மின்னோட்டத்தை வலிந்து செலுத்தும். அப்போது நலிந்த கலத்தின் ஆனோடு கேத்தோடைவிட உயர்ந்த மின்னழுத்தத்தை அடைந்து நேர்க்குறி பெறும். மின்னழுத்தத் தலைகீழாக்கம் எனப்படும் இக்கோளாறு, நுண்ணுயிர் மின்கலங்களைப் பெரிய அளவில் இணைப்பதற்குள்ள தடைகளுள் ஒன்று. அதாவது, நுண்ணுயிர் மின்கலத்தின் நேர்மின்வாய் உண்மையில் நேராவது கருவி பழுதுற்ற வேளையில்தான். ஒரு பொறியாளர் 'நேர்மின்வாய் நேராகிவிட்டது' என்று பழுதுக் குறிப்பு எழுதினால், படிப்பவர் எல்லாம் நலம் என்றே கொள்வார்.

இனி இதற்கு மாற்று யாது? ஒலிபெயர்ப்பு ஒரு வழி. அது தவறுக்கு இடந்தராது. தமிழ்ச்சொல்லே வேண்டுமெனில் மின்குறியை விட்டுச் செயலைப் பற்றவேண்டும். ஆனோடு எவ்வகைக் கலத்திலும் கலத்தின் உட்புறத்திலிருந்து எலக்ட்ரான்களைக் கொள்கிறது. கேத்தோடு உட்புறத்திற்கு எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. மின்னாற்பகுப்பிலும் இது மாறுவதில்லை. வெற்றிடக் குழாயிலும் மாறுவதில்லை. ஆகவே கொள்முனை, கொடைமுனை என்னும் இணையை இங்கு முன்வைக்கலாம். கொடுமுனை, கொடுவாய் என்று அமைத்தால் வினைத்தொகை நயமாக வரும் என்றாலும், கொடுமை, வளைவு ஆகிய பொருள்கள் குறுக்கிடும். கொடுவாய்க்கு அகராதி தரும் பொருள்கள் வேதியியலுக்கு உகந்தவை அல்ல. கொள்முனை அறை, கொள்முனைப் படலம் எனத் தொடர்ந்து சொல்லாக்கம் செய்யவும் இவ்விணை இடந்தருகிறது.

மறுத்துரைக்கத்தக்க இடம் ஒன்று உண்டு. மீண்டும் மின்னேற்றக்கூடிய கலங்களில், மின்னேற்றும்போதும் பயன்படுத்தும்போதும் முனைகளின் செயல் மாறிமாறி அமையும், மின்குறியோ மாறுவதில்லை. வண்டியின் பாட்டரியில் நேர்முனை என்றும் நேர்முனையே. அங்குக் குறிவழிப் பெயரே பொருத்தமானது. எல்லா இடத்துக்கும் ஒரே சொல் என்னும் பிடிவாதம் இத்துறைக்கு உதவாது.

5. கருவியின் பெயர்

இக்கருவியின் ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நுண்ணுயிர் எரிபொருள் மின்கலம் என்றாகும். ஆங்கிலத்தில் பின்னிரண்டு சொற்கள் முன்பே ஒரு பெயராக இறுகிவிட்டவை; முதற்சொல் அவ்விறுகிய பெயருக்கு அடையாகிறது. தமிழில் எரிபொருள் மின்கலம் என்பது பொதுமக்கள் வழக்கில் இறுகவில்லை. ஆகவே இத்தொகையைப் படிப்பவர் முன்னிரண்டு சொற்களையே முதலில் இணைத்துக்கொள்வர். நிலக்கரி எரிபொருள், எண்ணெய் எரிபொருள் என்பவற்றின் வாய்பாட்டில், நுண்ணுயிரை எரித்து மின்சாரம் எடுப்பதாகவே பொருள்படும். நுண்ணுயிர் இங்கு எரிபொருள் அன்று. வேலை செய்வது அதுவே. எரிபொருளாகக் கொள்ளத்தக்கது கழிவிலுள்ள கரிமப்பொருள். அதுவும் எரிவதில்லை, அறை வெப்பநிலையில் அமைதியாகச் சிதைகிறது.

'எரிபொருள்' என்பதை நீக்கி நுண்ணுயிர் மின்கலம் என்றால் இவ்விரு குறைகளும் நீங்கும்; பெயரும் சுருங்கும். இன்னும் சுருக்கி நுண்ணுயிர்க் கலம் என்றால் வேறொரு சிக்கல். தமிழ்நாட்டில் செல் என்றும் உயிரணு என்றும் வழங்குவதை இலங்கைப் பாடநூல்கள் கலம் என்றே குறிக்கின்றன. அங்கே இத்தொடர் பாக்டீரியாவின் உடலையே சுட்டிவிடும். சிற்றறை என்னும் பொருளுடைய ஒரே இலத்தீன் சொல்லிலிருந்து ஆங்கிலத்தில் இரு பொருள்களும் கிளைத்ததன் விளைவு இது. தமிழ்க் கலத்தின் பொருள் அறையன்று, பாத்திரம், கப்பல், பன்னிரண்டு மரக்கால் கொண்ட நெல்லின் அளவும்கூட. நெல் ஊறிய நீரை மட்கலத்தில் இட்டு மின்கலமாக்கிய கரக்பூர் ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

பிரிசுவருக்கும் இங்கு ஒரு சொல் கூறவேண்டும். ஆய்வுநூல்களில் அது புரோட்டான் பரிமாற்றச் சவ்வு எனப்படுகிறது. ஹைட்ரஜன் கொண்டு இயங்கும் எரிபொருள் மின்கலத்துக்கு அப்பெயர் முற்றிலும் தகும். கழிவுநீர் நடுநிலைத் தன்மைக்கு அணுக்கமானது. அதில் புரோட்டான் மிகக் குறைவு. சோடியம், பொட்டாசியம் போன்ற நேர் அயனிகள் அதனினும் ஏறத்தாழ இலட்சம் மடங்கு மிகுதியாக இருக்கும். ஆகவே சுவரைப் பெரும்பாலும் கடப்பவை அவையே. அதன் விளைவாகக் கொள்முனைப் பக்கம் அமிலமும் கொடைமுனைப் பக்கம் காரமும் ஏறி, கலம் சோர்வடைகிறது. இது ஆங்கிலப் பெயரிலேயே உள்ள பிழை. தமிழ் அதனைப் பெயர்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. பிரிசுவர் என்றே சொல்லலாம்.

6. மின்சாரம் எவ்வளவு?

மின்கலம் என்று பெயரிட்டுவிட்டால் மின்சாரம் எவ்வளவு என்பதே முதற்கேள்வியாகிறது. கணக்கு கடினமானதன்று. வேதி ஆக்சிஜன் தேவை ஒரு கிலோ அளவுள்ள கழிவு முற்றிலும் சிதைந்தால் 125 மோல் எலக்ட்ரான்கள் விடுபடும். அசிட்டேட்டு போன்ற எளிய உணவுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே கொள்கையளவில் கிடைக்கும் மின்னழுத்தம் ஏறக்குறைய 1.1 வோல்ட்டு. இவற்றைப் பெருக்கினால் சுமார் 3.7 கிலோவாட் மணி, அதாவது 3.7 யூனிட். நடைமுறையில் கலம் 0.3 வோல்ட்டில் இயங்கினால் இது 1 யூனிட்டாகக் குறையும். எலக்ட்ரான்களில் பாதி, கசிந்த ஆக்சிஜனுக்கும் மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிர்களுக்கும் போய்விட்டால் எஞ்சுவது அரை யூனிட்.

கரக்பூரின் மண்பானைக் கலம், 8.0 கார அமில எண்ணில் நீரூட்டப்பட்டபோது, ஒரு கனமீட்டருக்கு 2.3 வாட் என்ற வீதத்தில் நிலையான திறன் தந்தது. சவ்வு பொருத்திய கலம் தந்தது 0.53 வாட். பானை நான்கு மடங்குக்கு மேல் சிறந்து நின்றது என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் 1000 லிட்டர் கொள்ளளவுள்ள பானைகளை நாள் முழுதும் இயக்கினாலும் அவ்வீதத்தில் கிடைப்பது 55 வாட் மணியே. 9 வாட் விளக்கு ஒன்றை ஆறு மணி நேரம் எரிக்கலாம்.

இதே ஆய்வின் மற்ற எண்கள் வேறு கதை கூறுகின்றன. மண்பானைக் கலத்தில் வேதி ஆக்சிஜன் தேவை 96.5 விழுக்காடு வரை நீங்கியது. சவ்வுக் கலத்தில் 92.6 விழுக்காடு. எளிதில் சிதையாத லிக்னின் 84 விழுக்காடும் ஃபீனால் 81 விழுக்காடும் பானையில் நீங்கின. கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தாமல் இவ்வளவு நிகழ்ந்துள்ளது. ஆற்றலின் ஒரு பகுதி மின்சாரமாக வெளிப்படுவதால், அதனைக் கொண்டு பாக்டீரியா பெருகுவதும் கசடு சேர்வதும் காற்றூட்ட முறையைவிடக் குறைவு. எனவே அரிசி ஆலைக்கு இக்கருவியால் வரக்கூடிய ஆதாயம், அது தரும் மின்சாரத்தில் இல்லை. செலவாகாமல் நின்ற மின்சாரத்தில் உள்ளது. 'கழிவுநீரிலிருந்து மின்சாரம்' என்னும் செய்தித் தலைப்பை நம்பி ஒருவர் இதனை நிறுவினால், விளக்கு எரியும் மங்கலைக் கண்டு மூடிவிடுவார். நீர் தெளிந்திருப்பதை அவர் பார்க்கமாட்டார். பெயர்தரும் எதிர்பார்ப்பு ஒரு கருவியின் வாழ்வையே தீர்மானிக்கக்கூடும் என்பதால்தான் இதனை வெறும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்க இயலவில்லை.

ஆலைகளில் நேரடியாக நிறுவி நடத்திய சோதனைகளும் இதனையே உணர்த்துகின்றன. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார், யட்டாலாவிலுள்ள ஃபாஸ்டர்ஸ் பியர் ஆலையில் 2007இல் ஒரு கலத்தொகுதியை நிறுவினர். மூன்று மீட்டர் உயரமுள்ள 12 குழாய்கள், மொத்தம் ஏறத்தாழ ஒரு கனமீட்டர் கொள்ளளவு. பியர் ஆலையின் கழிவு நுண்ணுயிர்க்கு உகந்த உணவு, நச்சு இல்லை. ஆனால் அந்நீரில் உப்பு குறைவு; மின்கடத்துதிறன் போதவில்லை. ஆய்வுக்கூடத்தில் உப்பும் தாங்கற்கரைசலும் சேர்த்து அளந்த மின்னோட்டம் ஆலையின் நீரில் கிடைக்கவில்லை. கொடைமுனையின் மேல் வேண்டாத நுண்ணுயிர்கள் படர்ந்ததும் மற்றொரு குறை.

இவ்விறுதிக் குறையைத் தமிழில் எழுதும்போதும் சொல் வேறுபாடு ஒன்று தேவைப்படுகிறது. கொள்முனையின் மேல் பாக்டீரியா அடர்ந்து ஒட்டியிருப்பதே கருவியின் உயிர். கொடைமுனையின் மேல் அதுவே நேர்ந்தால் ஆக்சிஜன் முனையை அடையும் வழி அடைபடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. தமிழில் இரண்டையுமே உயிர்ப்படலம் என்று எழுதிவிடுவதைக் காணலாம். முன்னதைப் படலம் என்றும், துடைத்து அகற்றவேண்டிய பின்னதைப் படிவு என்றும் வேறுபடுத்தி எழுதினால், கருவியைப் பராமரிக்கும் தொழிலாளர் எந்த முனையைச் சுரண்டுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதில் பிழை செய்யமாட்டார்.